கேட்காத சுகம்

நீக்கிலாப்பிள்ளையின் மீன் லொறி கண்ணில் படுவதற்கு முன்பே அதன் சத்தம் கராஜுக்குள் வந்துவிட்டது. வேறொரு வாகனத்துக்குக் கீழே படுத்திருந்த ஸவாஹிர், எழும்பிப் பார்க்காமலே, "உது ரைமிங் செயின்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குவது மாதிரிச் சத்தம். செயின் இழுபட்டுத் தளர்ந்தால் டீசல் எஞ்சின் அப்படித்தான் கத்தும். ஆரம்பத்தில், காலையில் ஸ்ரார்ட் பண்ணும்போது கொஞ்ச நேரம் கத்திவிட்டு அடங்கிவிடும். அந்தக் கட்டத்தில் கொண்டுவந்தால் புண்ணியம். ஆனால் நம்முடைய ஆட்கள் அந்தக் கட்டத்தில் கொண்டுவந்ததாகச் சரித்திரம் இல்லை.

நீக்கிலாப்பிள்ளையும் கொண்டுவரவில்லை. ஸ்காபரோவில் இருக்கிற தமிழ்க் கடைகளுக்கு மீன் விநியோகிப்பது அவருடைய தொழில். லொறி கத்தத் தொடங்கியதும், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து தேவாலய வாசலில் நின்ற நாலு பேரிடம் யோசனை கேட்டிருக்கிறார். நாலு பேரும் நாலு விதமாகச் சொல்ல, அதில் காதுக்கு ஆகச் சுகமானதை எடுத்துக்கொண்டார். தடிப்பான ஒயில் விட்டால் சத்தம் நின்றுவிடும் என்பது அந்த யோசனை. சத்தம் நின்றதென்னவோ உண்மை. குளிர்காலம் முழுவதும் அப்படியே ஓடித் திரிந்துவிட்டு, இனி எந்த ஒயிலாலும் வாயை அடைக்க முடியாது என்றான பிறகு, மே மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் வந்து நிற்கிறார்.

"சத்தம் கேக்கேல்லை எண்டாப்போலை வருத்தம் மாறிட்டுது எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்று ஸவாஹிர் ஏசினார்.

"பிழைதான் நானா. என்ன செய்யிறது, இந்தக் கொஞ்ச நாளா மனம் ஒரு இடத்திலை இல்லை" என்றார் நீக்கிலாப்பிள்ளை. ஸவாஹிரை எல்லோரும் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் சவரம் செய்து பல நாளாகியிருந்தது. கண்கள் சிவந்திருந்தன. ஒவ்வொரு நாளும் நகரத்துக்குப் போய், வன்னி யுத்தத்தை நிறுத்தச் சொல்லி யூனிவேர்சிற்றி அவெனியூவில் பதாகை பிடித்துக்கொண்டு நிற்கிற சனத்தோடு சனமாக நின்றுவிட்டு, அங்கிருந்து நேரே மீன் எடுக்கப் போகிறாராம்.

இப்போது கேட்டுவிட வேண்டும் என்று ஸவாஹிர் நினைத்தார். கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"நீக்கிலா..."

"என்ன நானா?"

"உந்த ஒயில்... என்ன நம்பர் விட்டனீங்கள்?"

நீக்கிலாப்பிள்ளை நம்பரைச் சொன்னார். செவ்வாய்க்கிழமை காலையில் விமான நிலையத்தில் மீன் வந்து இறங்கும், அதற்கிடையில் லொறி வேண்டும் என்றார். லொறித் திறப்பைக் கொடுத்துவிட்டுப் பஸ் எடுக்க நடந்து போனார். போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்ற ஸவாஹிருக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

ஒயிலின் நம்பரைத் தெரிந்து அவருக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. கேட்க நினைத்தது வேறு. ஜெயரட்ணம் உயிரோடு இருக்கிறானா? அவ்வளவுதான். மூன்று சொல். கொழும்பிலும் ரொறன்ரோவிலும் எத்தனையோ பேரிடம் எத்தனையோ கேட்டுப் பிழைத்த மனிதருக்கு இந்த மூன்று சொல்லும் வாய்க்குள் வர மறுத்தன.

ஜெயரட்ணம், நீக்கிலாப்பிள்ளையின் மனைவி பேபியின் அண்ணன். ஒரு காலத்தில் அவனும் ஸவாஹிரும் மன்னாரில் சேர்ந்து கராஜ் நடத்தினார்கள். ஒருவன் கத்தோலிக்கன், மற்றவன் முஸ்லிம். பெயர்ப்பலகையில் யாருடைய பெயரை முதலில் போடுவது என்று தீர்க்க முடியாமல் கடைசிவரைக்கும் பெயர்ப்பலகையே போடவில்லை. அவனுடைய பெயர்தான் முதலில் வர வேண்டும் என்று இவர் பிடிவாதம், இவருடைய பெயர்தான் வர வேண்டும் என்று அவன் பிடிவாதம். அப்படி ஒரு சண்டை.

பிறகு தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசி வந்தது. வடக்கில் இருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறச் சொல்லித் தமிழ்ப் போராளி இயக்கம் உத்தரவு போட்டது. ஜெயரட்ணம்தான் கராஜின் வான் வண்டியில் ஸவாஹிரின் வாப்பாவையும் உம்மாவையும் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுவந்தான். வழி நெடுகப் பக்கத்தில் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினான். இறங்கும்போது ஸவாஹிர் ஏதாவது சொல்லியிருக்கலாம். அவனும் சொல்லியிருக்கலாம். படகுக்காரன் அவசரப்படுத்தினான். இரண்டு பேரும் ஒன்றும் சொல்லாமலே பிரிந்தார்கள்.

அதற்குப் பிறகு புத்தளத்தில் அகதி முகாம், கொழும்பில் கூலி வேலை, கடைசியில் கனடா. சென் ஜேம்ஸ் ரவுணின் உயரமான கட்டடமொன்றில் ஸுலைஹாவோடு குடித்தனம் தொடங்கி, மகள் நதா பிறந்து, பலரிடம் வேலை செய்து, கடைசியில் வோபர்னுக்குப் பக்கத்தில் சொந்தமாகக் கராஜ் போட்டார். போட்ட கொஞ்சக் காலத்தில் நீக்கிலாப்பிள்ளை தன்னுடைய பழைய லொறியைக் கொண்டுவந்தார். முன்சீற்றில் பேபி இருந்தாள். "ஸவாஹிர் நானா!" என்று கத்திக்கொண்டு இறங்கி ஓடிவந்தாள். அழுதாள், சிரித்தாள். பிறகு, "அண்ணா வன்னியிலை சுகமா இருக்கிறார்" என்றாள்.

பெயர் சொல்லாமல் அவள் சொன்ன அந்த "அண்ணா"வைக் கேட்டதும் ஸவாஹிருக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எவ்வளவோ சொல்லத்தான் நினைத்தார். வந்தது "ம்ம்" மட்டும்தான். பேபி அவருடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதற்குப் பிறகு அண்ணனைப் பற்றி அவள் வாய் திறக்கவே இல்லை.

வருடங்கள் போயின. பேபி நத்தாருக்குக் கேக் கொடுத்தனுப்புவாள். ஸுலைஹா பெருநாளுக்கு வட்டிலப்பம் கொடுத்தனுப்புவாள். பிள்ளைகளின் படிப்பு, வீட்டு விலை, முழங்கால் வலி எல்லாம் பேசுவார்கள். அண்ணன் கதை மட்டும் வராது. தன் சனம் செய்த காரியத்தை நினைத்து அவள் வெட்கப்படுகிறாள், அதனால்தான் பேசவில்லை என்று ஸவாஹிர் முடிவு கட்டிக்கொண்டார். ஜெயரட்ணத்தைப் பற்றிக் கேட்டால் தொண்ணூறாம் ஆண்டும் கூடவே வரும், அவள் தலைகுனிவாள், அந்தத் தலைகுனிவைத் தான் பார்க்கக் கூடாது. மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டு இப்படி ஒருவரையொருவர் பட்டினி போடுவதில் நம்மை அடிக்க ஆளில்லை.

அந்த வருடம், இரண்டாயிரத்து ஒன்பது, தை மாதத்திலிருந்து வன்னிச் செய்திகள் ஒவ்வொரு நாளும் வந்தன. சனம் ஒவ்வோர் ஊராக இடம்பெயர்ந்து, கடைசியில் கடற்கரை ஓரமாக ஒரு சின்னத் துண்டு நிலத்துக்குள் அடைபட்டுப் போனது. ஸவாஹிர் கராஜில் தமிழ் வானொலியை மெல்லப் போட்டுக் கேட்பார். யாராவது உள்ளே வந்தால் உடனே நிறுத்திவிடுவார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. சும்மா நின்றால் உள்ளுக்குள் சந்தோசப்படுகிறான் என்று நினைப்பார்கள். கண் கலங்கினால் நடிக்கிறான் என்று நினைப்பார்கள். வீட்டில் ஸுலைஹா, "அந்தப் புள்ளையிட்ட ஒரு வார்த்தை கேளுங்களன்" என்று சொல்லி அலுத்துப்போனாள்.

நதா ஒருநாள் சாப்பாட்டு மேசையில் போனைக் கீழே வைத்துவிட்டு, "வாப்பா, ஜஸ்ற் ஆஸ்க் ஹேர். அவ உங்கட பிரெண்ட்ர சிஸ்ரர்தானே? வட்ஸ் த பிக் டீல்?" என்றாள்.

"உனக்கு விளங்காது மகள்" என்றார் ஸவாஹிர். விளங்காதது தனக்குத்தான் என்று அவருக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது.

திங்கட்கிழமை விக்ரோறியா டே. நாடு முழுவதும் விடுமுறை. கராஜ் இருந்த வரிசையில் மற்ற எல்லாக் கதவும் பூட்டியிருந்தது. அன்று காலையில்தான் யுத்தம் முடிந்துவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். ஸவாஹிர் முழுவதையும் கேட்டார். ரேடியோவை நிறுத்தினார். பிறகு லொறியின் முன்மூடியைத் திறந்தார். வேலை இருந்தது நல்லதாகப் போயிற்று.

சனிக்கிழமையே அரைவாசி வேலை முடித்திருந்தார். அந்தக் களி மாதிரி ஒயிலை வடித்தாயிற்று. மேல்மூடி கழற்றியாயிற்று. எஞ்சின் கைக்கு இலேசாகச் சுற்றவென்று இன்ஜெக்ரர்களையும் எடுத்தாயிற்று. புதுச் செயின் ஒயில் தட்டுக்குள் ஊறிக்கொண்டு கிடந்தது.

இந்த எஞ்சினுக்குச் செயின் மாற்ற இரண்டு வழி உண்டு. முன்பக்கத்தை முழுக்கப் பிரித்துக் கொட்டுவது ஒன்று. அதற்கு நாட்கணக்கு வேண்டும். மற்ற வழியில், பழைய செயினை மேலே ஓரிடத்தில் அறுத்து, அதன் நுனியில் புதுச் செயினைக் கொளுவி, எஞ்சினைக் கையால் மெல்ல மெல்லச் சுற்ற வேண்டும். பழையது ஒரு பக்கத்தால் வெளியே வர, புதியது மறுபக்கத்தால் உள்ளே போகும். உள்ளே செயின் உரசி ஓடுகிற தடங்கள் தேயாமல் இருந்தால் இது போதும். ரோச் லைற் அடித்துப் பார்த்தார், தேயவில்லை. ஆனால் இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கீழே லொறிக்கு முன்னால் குந்தியிருந்து, நீளக் கைபிடி போட்டுச் சுற்ற வேண்டும். மற்றவர் மேலே நின்று, ஒரு கையால் பழைய செயினை இழுத்துப் பிடித்தபடி, மறுகையால் புதுச் செயினைப் பல்லுச் சக்கரத்தோடு அழுத்திக் கொடுக்க வேண்டும். மேலே நிற்பவர் கையை விட்டால் செயின் உள்ளே சரிந்து பல்லுத் தவறிவிடும். வால்வும் பிஸ்ரனும் முட்டிக்கொள்ளும். அத்தோடு எஞ்சினுக்குக் கல்லறைதான்.

கூட வேலை செய்கிற ரம்ஸீன் மத்தியானத்துக்கு வந்து சுற்றுவதாகச் சொல்லியிருந்தான். குடும்பத்தோடு நயாகராவுக்குப் போனவன், திரும்பும் வழியில் விடுமுறைக் கூட்டத்தில் அகப்பட்டு நிற்பதாகப் போன் எடுத்தான். பின்னேரமாவது வர முடியுமோ தெரியாது என்றான். ஸவாஹிர் நல்ல நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

அந்த நேரத்தில்தான் பேபி வந்தாள். வீட்டிலிருந்து நடந்தே வந்திருந்தாள். கையில் சாப்பாட்டுப் பெட்டி ஒன்று.

"அவர் விடியவே நகரத்துக்குப் போயிட்டார் நானா. வீட்டிலை ரீவி ஓடிக்கொண்டிருக்குது. நிப்பாட்டவும் ஏலாமல் கிடக்கு, பாக்கவும் ஏலாமல் கிடக்கு. அதுதான் உங்களுக்குச் சோறு கட்டிக்கொண்டு வந்திட்டன்."

"இரு, பேபி" என்று கதிரையை இழுத்துப் போட்டார் ஸவாஹிர். அவளுடைய முகத்தைப் பார்த்தார். இப்போது கேட்கலாம். இதைவிட நல்ல நேரம் வராது. இதைவிடக் கெட்ட நேரமும் வராது என்று உடனே தோன்றியது. வாயைத் திறந்து, "ரம்ஸீன் வரமாட்டானாம்" என்றார்.

பேபி லொறியைப் பார்த்தாள். திறந்து கிடந்த எஞ்சினையும், தட்டில் கிடந்த செயினையும் பார்த்தாள். "செயின் ஏத்தப் போறியளோ?" என்று கேட்டாள்.

"ஓம். கீழை ஆள் இல்லை."

"நான் சுத்துறன்" என்றாள். தலைமயிரை முடிந்துகொண்டு, அவர் பதில் சொல்ல முன்பே, ஒரு பால் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு லொறிக்கு முன்னால் குந்திவிட்டாள்.

அவளுக்கு அது புதிதல்ல. மன்னாரில் பொடியன்கள் எல்லோரும் ஒவ்வொரு திசையாகப் போய், கராஜில் வேலைக்கு ஆளில்லாமல் போன காலத்தில், ஜெயரட்ணம் தங்கச்சியைத்தான் கூப்பிட்டுச் சுற்ற வைப்பான். தான் எண்ணெய்க் கையோடு பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுப்பான். குமர்ப்பிள்ளை லொறிக்கு முன்னால் குந்தியிருக்கிறாள் என்று தெருவே கேலி பண்ணியது. அவள் அதைக் கணக்கெடுக்கவில்லை.

ஸவாஹிர் பழைய செயினை அறுத்தார். உடைந்த துண்டு உள்ளே விழாமல் இருக்கத் துணி அடைத்திருந்தார். புதுச் செயினைக் கொளுவினார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சரி" என்றார். கீழே இருக்கிற பேபி அவருக்குத் தெரியவில்லை. இடையில் ரேடியேற்றரும் முன்தகரமும் இருந்தன.

கீழேயிருந்து குரல் வந்தது.

"புனித மரியாயே."

எஞ்சின் ஒரு பல்லு அசைந்தது. ஸவாஹிரின் வாய் அவரைக் கேட்காமலே பதில் சொல்லியது.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

இதுதான் மன்னார்க் கராஜின் முறை. செயின் ஏற்றும்போது கீழே இருப்பவர் அவசரப்படக் கூடாது, மேலே இருப்பவர் தயார் என்று தெரியாமல் அடுத்த பல்லு சுற்றக் கூடாது. மற்றக் கராஜ்களில் "விடு, பிடி" என்று கத்துவார்கள். ஜெயரட்ணத்துக்குக் கத்துவது பிடிக்காது. கோயிலில் சொல்கிற மன்றாட்டுமாலையை எடுத்துக்கொண்டான். அதில் ஒருவர் புனிதரின் பெயரைச் சொல்ல, சனம் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்லும். கீழே இருப்பவன் ஒரு புனிதரைக் கூப்பிட்டு ஒரு பல்லு சுற்றுவான். மேலே இருப்பவன் செயினை அமர்த்திவிட்டுப் பதில் சொல்வான். பதில் வந்தால்தான் அடுத்த புனிதர். செயின் ஒரு சுற்று வந்து முடிய மாலையும் ஏறத்தாழ முடிந்துவிடும். தொழுகைக்குப் போய் வந்த கையோடு ஸவாஹிர் மேலே நின்று பதில் சொல்வார். "உங்கட சந்தமார் முடிஞ்சு போச்செண்டா எஞ்சினை ஆர்ரா சுத்துறது?" என்று கேட்பார். "உன்ரை ஆக்களைக் கூப்பிடுவம்" என்பான் ஜெயரட்ணம்.

ரொறன்ரோவில் அவர் எத்தனையோ செயின் ஏற்றியிருக்கிறார். ரம்ஸீனோடு "ஓகே, ஓகே" என்றுதான் வேலை நடக்கும். இந்த மாலையைச் சொல்லி எவ்வளவு காலம்.

"புனித சூசையப்பரே."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"புனித இராயப்பரே."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

பழைய செயின் கறுப்பாகக் கைக்குள் வந்துகொண்டிருந்தது. புதியது மினுங்கிக்கொண்டு பல்லுச் சக்கரத்தில் ஏறியது. கண்ணை மூடினால் கீழே இருப்பது ஜெயரட்ணம்தான். அதே இழுவை, அதே இடத்தில் மூச்சு. அவனோடு ஒருதரம், ஒரேயொருதரம், இப்படி வேலை செய்ய வேண்டும் என்று அவருடைய உடம்பு முழுவதும் கேட்டது. ஆசை என்றால் வாலிப வயதோடு போகிற சாமான் என்று நினைத்திருந்தார். போகவில்லை.

"புனித அந்தோனியாரே" என்றாள் பேபி. குரல் கொஞ்சம் கரகரத்தது.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார் ஸவாஹிர். அவருடைய குரலுக்கு அடியில் வேறொரு பதில் மெல்லக் கேட்டது. பேபிதான் சொன்னாள்.

"அவருக்காக வேண்டிக்கொள்ளும்."

மன்னாரில் ஸவாஹிர் எத்தனையோ கத்தோலிக்கச் செத்தவீடுகளுக்குப் போயிருக்கிறார். ஜெயரட்ணத்தின் அப்பாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். இதே மாலையை இறந்தவருக்குச் சொல்லும்போது சனம் தங்களுக்காகக் கேட்பதில்லை. பெட்டியில் கிடப்பவருக்காகக் கேட்கும்.

தான் சொன்ன பதில் மேலிருந்து வராதபடியால் பேபி சுற்றவில்லை.

"ஆருக்கு, பேபி?" என்று கேட்டார்.

"அண்ணாக்கு."

இரண்டு கையிலும் செயின் இருந்தது. விட முடியாது. கண்ணைத் துடைக்க முடியாது, நெஞ்சைப் பிடிக்க முடியாது, கீழே இறங்கி அவளுடைய தலையில் கை வைக்க முடியாது. நின்றபடியே நின்றார். மரணச் செய்தி கேட்டால் ஓதுகிற "இன்னா லில்லாஹி"க்கு உதடு மட்டும் அசைந்தது.

"எப்ப?"

"பெரிய வியாழனுக்கு ரெண்டு நாள் முதல். செல் வந்து விழுந்து வெடிச்சதாம். அவரோட நிண்ட ஒரு ஆள் வவுனியா முகாமுக்கு வந்து போன் எடுத்தவர்." அவள் அழவில்லை. அழுது முடித்தவளின் குரல் அது. "பூசையும் குடுத்திட்டம் நானா. உங்களுக்குச் சொல்லேல்லை."

ஜெயரட்ணத்துக்குப் பூசை நடந்திருக்கிறது. இதே ஸ்காபரோவில், கராஜிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில். அந்த நேரம் தான் யாருக்கோ பிரேக் மாற்றிக்கொண்டு நின்றிருப்பார். அதை நினைக்க, அவன் செத்ததைவிட அது வலித்தது. கையில் செயின் வழுக்கப் பார்த்தது. இறுக்கிப் பிடித்தார்.

கீழே பேபி காத்திருந்தாள். பதில் வராமல் அவள் சுற்ற மாட்டாள். அவளுக்கு அப்படித்தான் பழக்கியிருந்தது.

"அவருக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார் ஸவாஹிர்.

எஞ்சின் ஒரு பல்லு அசைந்தது.

"புனித செபஸ்தியாரே."

"அவருக்காக வேண்டிக்கொள்ளும்."

"புனித லோறஞ்சியாரே."

"அவருக்காக வேண்டிக்கொள்ளும்."

அப்படியே செயின் முழுவதும் ஏறியது. பேபிக்கு ஞாபகத்தில் இருந்த புனிதர்கள் எல்லோரும் வந்துபோனார்கள். பிறகு தெரிந்தவர்களையே மறுபடியும் கூப்பிட்டாள். ஸவாஹிர் கண்ணீரைத் தோளில் துடைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார். புதுச் செயினின் தலைப்பு சுற்றி வந்து சேர்ந்ததும் இரண்டு நுனியையும் பூட்டி, இணைப்பு ஆணியின் தலையை அடித்துப் பரப்பினார். செயினை இறுக்கிப் பிடிக்கிற ரென்ஷனரையும் புதிதாகப் போட்டார். பேபியை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றச் சொல்லிப் பார்த்தார். சக்கரங்களில் இருந்த ரைமிங் அடையாளங்கள் நேருக்கு நேர் வந்து நின்றன.

கழுவிய கையோடு இரண்டு பேரும் இரண்டு பால் பெட்டிகளில் எதிரெதிரே இருந்தார்கள். சாப்பாட்டுப் பெட்டி திறக்கப்படாமல் கிடந்தது. வெளியே எங்கேயோ பிள்ளைகள் விடுமுறைக்கு வெடி கொளுத்தினார்கள். முதல் வெடிக்குப் பேபியின் தோள் தூக்கிப்போட்டது.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்றார் ஸவாஹிர்.

"எப்பிடிச் சொல்லுறது நானா? எங்கடை ஆக்கள் உங்களை உடுத்த உடுப்போட கலைச்சுவிட்டவை. இப்ப வந்து, எங்கடை அண்ணா செத்துப்போனார், நீங்களும் வந்து அழுங்கோ எண்டு கேக்கிறதோ?"

"ஓம், கேக்கிறது."

"நீங்கள் கோவமா இருக்கிறியள் எண்டு நினைச்சன். முதல்முதல் உங்களைக் கண்ட அண்டைக்கு அண்ணான்ரை கதையைச் சொன்னன். நீங்கள் ம்ம் எண்டு மட்டும்தான் சொன்னனீங்கள். நான் விளங்கிக்கொண்டன்."

"என்னத்தை விளங்கினாய்?" ஸவாஹிரின் குரல் உயர்ந்துவிட்டது.

"நீங்கள் மன்னிக்கேல்லை எண்டு."

"மன்னிக்கிறதுக்கு அவன் என்னடி செய்தவன்? என்ரை வாப்பாவைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படகிலை இருத்தினவன். எனக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு பேபி. வேறை ஒண்டுமில்லை. தொண்டை அடைச்சுப்போச்சு."

பேபி வாயைப் பொத்திக்கொண்டாள். இப்போதுதான் அழுதாள். ஸவாஹிர் அவளை அழ விட்டார். தானும் அழுதார். அவ்வளவு பெரிய மனிதர் சின்னப் பிள்ளையைப் போல மூக்கை உறிஞ்சிக்கொண்டு இருந்தார்.

கொஞ்சம் அடங்கிய பிறகு பேபி சொன்னாள். "அண்ணா போன் எடுக்கிற நேரமெல்லாம் உங்களைக் கேப்பார். பிள்ளையளைக் கேக்க முதலே கேப்பார். ஸவாஹிர் என்ரை சுகம் கேட்டவனோ எண்டு."

ஸவாஹிர் தலையைக் குனிந்தார். கேட்கவில்லை. ஒருநாளும் கேட்கவில்லை. அவன் இருந்தவரைக்கும் கேட்கவில்லை.

"நீ என்ன சொன்னனீ?"

"ஓம் எண்டு சொல்லுவன். ஒவ்வொருமுறையும் கேக்கிறவர், காணுற நேரமெல்லாம் கேக்கிறவர் எண்டு சொல்லுவன்." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "கடைசியா எடுத்த அண்டைக்கும் அப்பிடித்தான் சொன்னன். பொய்தான் நானா. ஆனா அவருக்குச் சரியான சந்தோசம்."

ஸவாஹிர் தலையை நிமிர்த்தினார். தொண்டையைச் செருமினார்.

"அவன் எப்பிடி இருக்கிறான், பேபி?" என்று கேட்டார்.

பேபி அவரைப் பார்த்தாள். என்ன கேட்கிறார் என்று அவளுக்கு விளங்கியது.

"சுகமா இருக்கிறார் நானா" என்றாள்.

"தலை நரைச்சிட்டுதோ?"

"முழுக்க நரைச்சிட்டுது. மை பூசச் சொன்னா ஏசுறார்."

"வேலை செய்யிறானோ?"

"ஓமோம். தண்ணிப் பம்ப் எஞ்சின் எல்லாம் அவர்தான் திருத்துறார். அந்த ஊரிலை அவரை விட்டா ஆளில்லை."

"இப்பவும் பீடிதானோ?"

"விட்டிட்டன் எண்டு சொல்லுறார். நான் நம்பேல்லை."

"பிள்ளையள்? ஆர் அவனை மாதிரி?"

"மூத்தவள்தான். அதே பிடிவாதம்" என்றாள் பேபி.

ஸவாஹிர் பால் பெட்டியை இழுத்து அவளுக்குக் கிட்ட இருந்தார். அடுத்ததைக் கேட்டார். அதற்கு அடுத்ததையும் கேட்டார். பேபி ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.